பெரிய தெருவில் பாதித் தலை

1

இது கதையாக ஆகியிருக்கவே கூடாது. எங்கள் ஊர்ச் சங்கம் என்னிடம் கேட்டது ஒரே ஒரு பக்கம்: வேல்ஸின் பழைய கடைக் கட்டடங்கள் பற்றிய துண்டறிக்கைக்கு, பெரிய தெரு நாற்பத்தொன்றாம் எண்ணைப் பற்றிய குறிப்பு. நானும் ஒழுங்காகத்தான் தொடங்கினேன்.

‘1886இல் எழுந்த இந்த இரட்டைக் கடைக்குச் சிவப்புச் செங்கல் முகப்பு, இரண்டுக்கும் பொதுவாக ஒரே முக்கோண முகடு, அதன் நெற்றியில் கல்லில் செதுக்கிய ஒரு பெண்ணின் தலை, அதற்குக் கீழே’

அதற்குக் கீழே ஹெயில்வென் நிற்கிறாள். கட்டுரை அங்கேயே செத்துப்போயிற்று.

2

ஹெயில்வென் இடப்பக்கக் கடையில் கம்பளி நூல் விற்கிறாள். வலப்பக்கம் இட்வாலின் மீன் வறுவல் கடை. பதினோரு வருடத்துக்கு முன் இருவருக்கும் விவாகரத்தானபோது கட்டடத்தையும் நடுவில் பிரித்துக்கொண்டார்கள். எல்லைக்கோடு அந்தக் கல் தலையின் மூக்கு வழியாகப் போகிறது. [மிகையாகப் படுகிறதா? எனக்கும்தான். பத்திரத்தை வாங்கிப் பார்த்துவிட்டேன், அப்படியேதான் இருக்கிறது.] மறுவாரமே அவள் தன் பாதிச் செங்கல்லுக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்தாள். அன்றோடு பேச்சு நின்றது.

சென்ற வசந்தத்தில் நகரமன்றத்திலிருந்து கடிதம் வந்தது. தலையில் விரிசல், உடனே சரிசெய்ய வேண்டும். பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்பதால் அனுமதி விண்ணப்பத்தில் இரண்டு உரிமையாளரும் கையெழுத்திட வேண்டும்.

3

அன்று மதியமே ஹெயில்வென் இட்வால் கடைக்குப் போனாள். ஆறு பேர் நின்றிருந்தார்கள்.

“வரிசைல வா,” என்றான் இட்வால், எண்ணெயிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வரிசையில் வந்தாள்.

“என்ன வேணும்?”

“கையெழுத்து.”

“மீனுக்கு வினிகர் போடவா?”

“அந்தக் கல்லு யார் மேலயாவது விழப்போகுது, இட்வால்.”

“மொதல்ல உன் மஞ்சளச் சுரண்டு. பதினோரு வருஷமா கண்ணு கூசுது.”

பின்னால் நின்ற தபால்காரர், “போட்டுத் தொலைய்யா, பசிக்குது,” என்றார்.

[இந்த இடத்தில் அவளை அழவைத்திருந்தேன். அந்த வரியை அடித்துவிட்டேன். அவள் கதவை ஓங்கிச் சாத்துகிறவள்.]

4

பல்லைக் கடித்துக்கொண்டு சுரண்டினாள். மூன்றாம் நாள் நகரமன்ற அதிகாரி வந்து நிறுத்தினார்.

“செங்கல்லே உரிஞ்சு வருதும்மா. இதுக்கும் அனுமதி வேணும்.”

“அதுக்கு என்ன பண்ணணும்?”

“அதே விண்ணப்பந்தான். ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும்.”

அவள் ஏணிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நானும் காகிதத்தைக் கசக்கிப் போட்டுவிட்டு எழுந்து போனேன். இப்படி ஒரு முட்டுச்சந்தை நான் கற்பனை செய்திருந்தால் நீங்கள் நம்பியிருக்க மாட்டீர்கள்.

5

முடிவு ஒன்று: கல் இட்வால் மண்டையில் விழுகிறது. எழுதும்போது இனித்தது, மறுநாள் வெட்கமாயிருந்தது.

முடிவு இரண்டு: மழை, மன்னிப்பு, இருவரும் கைகோத்து... சே.

நடந்தது இது. ஒரு வியாழக்கிழமை காலை இட்வால் கடையைத் திறந்துகொண்டிருந்தபோது, கல் தலையின் மூக்கும் ஒரு கன்னமும் பெயர்ந்து அவனுக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தன. ஹெயில்வென் கையில் நூல்கண்டோடு ஓடிவந்தாள்.

“அடி பட்டுச்சா?”

“இல்ல.”

“பட்டிருக்கணும்டா உனக்கு.”

“அந்த விண்ணப்பத்தக் கொண்டா,” என்றான் இட்வால்.

6

சாரம் கட்டியதும் கல்தச்சர் இருவரையும் மேலே ஏறச் சொன்னார். விவாகரத்துக்கு முன் பத்தொன்பது வருடம் அந்தத் தலைக்குக் கீழே சேர்ந்து வாழ்ந்தவர்கள். ஒருநாளும் அதை நேருக்கு நேர் பார்த்ததில்லை.

“புது மூக்கும் கன்னமும் செதுக்கி ஒட்டலாம். இல்லன்னா இதுக்கு மேல உடையாமப் பூசி, இப்பிடியே விடலாம். எது?” என்றார்.

இருவரும் ஒரே நேரத்தில் ஒரே பதிலைச் சொன்னார்களாம். அப்புறம் வெகுநேரம் இறங்கவில்லையாம்.

பதில் எனக்குத் தெரியும். ஹெயில்வென் சொன்னாள். சொல்லிவிட்டு, “அத மட்டும் எழுதாத. எங்களுக்குன்னு ஒண்ணு இருக்கட்டும்,” என்றாள்.

‘எங்களுக்கு.’ இதற்குமேல் எந்த எழுத்தாளனால் என்ன செய்ய முடியும்? சாரத்தின் திரை இன்னும் பிரிக்கப்படவில்லை. அதற்குப் பின்னால் இருப்பது புது முகமா, பழைய காயமா என்று நீங்களே முடிவுசெய்துகொள்ளுங்கள். என்னைக் கேட்காதீர்கள்.