ஆறு எந்தப் பக்கம்

தகாதோரி ஊர் மாடல் ரயில் சங்கத்தில் பதினொரு பேர். அதில் பத்துப் பேர் எஞ்சின்காரர்கள், ஒருத்தி புல்காரி. அந்தப் புல்காரிதான் இமாசெக்கி தோக்கியே. பதினொரு வருஷத்தில் சங்கத்துக்காக அவள் செய்து நட்ட மரங்களைக் கூட்டினால் ஒரு காடு தேறும். காய்ந்த பூங்கொத்துக் காம்பைப் பசையில் தோய்த்து, பச்சைத் தூளில் புரட்டி, கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு தேவதாரு. அப்படி நாலாயிரம் செய்திருப்பாள். ஆனால் எந்தத் தடத்தில் எந்த எஞ்சின் ஓட வேண்டும் என்று பேச்சு எழுந்து, அவளும் வாயைத் திறந்தால் போதும், தலைவர் குனுகி சிரித்த முகமாகத் திரும்பிப் பார்ப்பார். டீ கெட்டில் காலியாகிவிட்டது போலிருக்கிறதே என்பார். ஒன்பது ஆண்கள் கெட்டிலைப் பார்ப்பார்கள். யாருடைய கையும் அதை நோக்கி நீளாது.

குனுகி நுண்கருவித் தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்து ஓய்வுபெற்றவர். வீட்டில் பரிசோதிக்க ஒன்றுமில்லாததால் சங்கத்துக்குத் தலைவரானார். அவருடைய சட்டம் ஒன்றே ஒன்று. ஆதாரம் இல்லாமல் பலகையில் ஒரு கல்லைக்கூட வைக்கக் கூடாது. ஆதாரம் என்றால் புகைப்படம், வரைபடம், கால அட்டவணை. மனிதர்கள் வாயால் சொல்வதெல்லாம் அவர் கணக்கில் வம்பு.

அந்த வருஷக் கண்காட்சிக்கு, எப்போதோ மூடப்பட்டுவிட்ட ஓமாத்தா பள்ளத்தாக்கு ரயில் பாதையை ஏழு பலகைகளில் செய்வது என்று முடிவானது. ஆளுக்கொரு பலகை. எல்லாவற்றையும் வரிசையாகப் பொருத்தினால் ஒரே தடமாக ரயில் ஓடும். நடுவில் வருகிற ஓமாத்தா ஸ்டேஷன் பலகை ஹிரோசே என்பவருக்குப் போயிருந்தது. அவருக்குக் கண்புரை ஆபரேஷன் வந்தது. வேறு யாருக்கும் நேரமில்லை. வேண்டா வெறுப்பாக அது தோக்கியேவிடம் வந்தது.

அவள் முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தாள். அந்த ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த தண்டவாளத் தொழிலாளர் குடியிருப்பில் பிறந்தவள் அவள். பதினெட்டு வயதுவரை அந்த ஆற்றில்தான் முள்ளங்கி கழுவினாள்.

நாலு மாதம் சாப்பாட்டு மேசை அவளுடையதாக இருந்தது. கணவர் அடுப்படி மேடையில் கிண்ணத்தை வைத்து நின்றபடியே சாப்பிட்டார். குடித்து முடித்த தேயிலைத் தூளைக் காயவைத்துச் சலித்து மண்ணாகத் தூவினாள். ஆற்றுக்குக் கண்ணாடிப் பிசினை ஒரே தடவையில் ஊற்றினால் வெடித்துவிடும். இரண்டு நாளைக்கு ஒரு படலமாக ஏழு படலம் ஊற்றினாள். கூரை விளிம்பில் காயப்போட்ட முள்ளங்கி, கழிப்பறைக்குப் பின்னால் அடுக்கிய பழைய கட்டைகள், நிலைய அதிபர் காலால் மிதித்து மிதித்துப் புல் முளைக்காமல் போன அந்த ஒற்றை இடம், எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. முன்னால் ஆறு, அப்புறம் தண்டவாளம், பிளாட்பாரம், ஸ்டேஷன், பின்னால் மலை.

கண்காட்சிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது எல்லாப் பலகைகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். தோக்கியேவின் ஆறு முன்பக்கம் ஓடியது. இரண்டு பக்கத்துப் பலகைகளிலும் ஆறு பின்பக்கம் ஓடியது. குனுகி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். பையிலிருந்து ஒரு ஜெராக்ஸை எடுத்து விரித்தார்.

"இமாசெக்கி சான், போட்டோவப் பாருங்க."

ஓமாத்தா ஸ்டேஷனுக்கு உலகத்தில் இருக்கிற ஒரே புகைப்படம் அது. 1969இல் ஏதோ ஒரு ரயில் பத்திரிகையில் வந்தது. வரைபடம் தேட யாரும் மெனக்கெடவில்லை, மற்றப் பலகைகளின் ஆறும் இதைப் பார்த்துப் போட்டதுதான். பிளாட்பாரத்தின் கோடியில் நின்று தண்டவாளத்தின் நீளவாக்கில் எடுத்திருந்தார்கள். ஜெராக்ஸின் ஜெராக்ஸ் ஆனதால் எஞ்சின் மட்டும் கறுப்பாகத் தெரிந்தது, மற்றதெல்லாம் சாம்பல் கறை. ஆனாலும் ஆறு எந்தப் பக்கம் என்று தெரிந்தது. அவள் செய்ததற்கு நேர் எதிர்ப்பக்கம்.

"நான் அந்த ஸ்டேஷனுக்குப் பின்னாடி பதினெட்டு வருஷம் இருந்தவ, தலைவரே."

"இருந்திருப்பீங்க. ஞாபகம்னா அப்படித்தான், ஐம்பது வருஷத்துல எடம் மாறி உக்காந்துக்கும். போட்டோ மாறாது. போட்டோவப் பாருங்க."

பலகையைத் திருப்பி வைத்தால் சரியாகிவிடுமா என்று ஒருவர் கேட்டார். அப்படிச் செய்தால் ஆறு மேட்டைப் பார்த்து ஓடும் என்றாள் தோக்கியே. அந்தப் பேச்சை யாரும் வளர்க்கவில்லை. அவள் பலகையைப் பெட்டியில் போட்டு மேசைக்கு அடியில் தள்ளினார்கள். அதன் இடத்துக்கு வெறும் பலகை ஒன்றை வைத்து, ஸ்டேஷன் இல்லாத வயல்வெளியாக விட்டுவிடலாம் என்று தீர்மானித்தார்கள். அந்த வயலுக்குப் புல் போட்டுத் தரச் சொல்லி அவளையே கேட்டார்கள். அவளும் போட்டுக் கொடுத்தாள். அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்றைக்கே இன்னொரு கூத்தும் நடந்தது. அந்தத் தடத்தில் ஓட்டக் குனுகி கொண்டுவந்திருந்த எஞ்சின் டி51. நீளமான, கனமான, பார்த்த உடனே எல்லோரும் படம் எடுக்கிற ராட்சதன். நிஜத்தில் அது ஓமாத்தா பாலத்தில் ஏறியிருந்தால் பாலமும் டிரைவரும் ஆற்றோடு போயிருப்பார்கள். அங்கே ஓடியது சி12 என்ற குட்டி எஞ்சின்தான். புகைப்படத்திலும் அதுதான் நின்றது. தோக்கியே அதைச் சொன்னாள். வருகிறவர்களுக்குப் பெரிய எஞ்சினைப் பார்த்தால்தான் திருப்தி, கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும் என்றார் குனுகி. ஆக, ஆதாரம் என்பது புல்லுக்கும் ஆற்றுக்கும்தான், அவருடைய எஞ்சினுக்கு இல்லை. என்ன நியாயம் இது? பத்துப் பேர் இருந்த அறையில் ஒருத்தருக்காவது கேட்கத் தோன்ற வேண்டாமா?

இதையெல்லாம்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாமல் போனது வேறு. அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. பாத்திரம் துலக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய காலைகளை நினைத்துப் பார்ப்பாள். தண்ணீர்ச் சத்தம் எந்தக் காதில் கேட்டது? வலது காதில். மறுபடி மூடுவாள். வலதா, இடதா? தான் பிறந்த இடத்து ஆற்றையே ஒரு ஜெராக்ஸ் தாளுக்காகச் சந்தேகப்பட வைத்துவிட்டார்களே என்று கண்ணில் நீர் வந்தது.

கண்காட்சி ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை மத்தியானம் சமூகக்கூடத்தில் மேசைகளைப் போட்டுக்கொண்டிருந்தபோது, சங்கத்தில் ஒருவரான, தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் நாகாய் ஒரு பெரிய அட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அந்தப் பழைய பத்திரிகையைத் தேடிப் பிடித்து, புகைப்படத்தைத் தெளிவாக எடுத்து, ஓர் ஆள் அகலத்துக்குப் பெரிதாக்கி ஒட்டியிருந்தார்கள். வாசலுக்கு நேராக மாட்டினார்கள். எல்லோரும் எஞ்சினைப் பார்த்து, ஆகா என்றார்கள்.

தோக்கியே எஞ்சினைப் பார்க்கவில்லை. ஜெராக்ஸில் கறையாக இருந்த ஒன்று இப்போது பிளாட்பாரத்தில் ஒரு சாண் உயரத்துக்கு நின்றது. கிமோனோ உடுத்திய ஒரு பெண், கையில் துணி மூட்டை. ஓமாத்தா புகையிலைக் கடை ஹிசானோ அம்மாள். அந்த அகன்ற நெற்றியும் சற்றே தூக்கிய முகவாயும் வேறு யாருக்கு உண்டு? தோக்கியேவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் நின்றும்போனது.

மணப்பெண்களுக்கும் இருபது வயது நிறைந்த பெண்களுக்கும் கிமோனோ உடுத்திவிடுவதுதான் நாற்பது வருஷமாக அவளுடைய பிழைப்பு. கிமோனோவில் அவள் கண் முதலில் போகிற இடம் கழுத்து. உயிரோடு இருக்கிறவர்களுக்கு உடுத்துகிறவரின் இடது மடிப்புதான் மேலே வரும். குளிப்பாட்டிப் பெட்டியில் வைக்கிற பிணத்துக்கு மட்டும்தான் வலது மடிப்பு மேலே. ஐந்து வயதுக் குழந்தைகூட அதில் தவறாது, தவறினால் வீட்டில் கையில் ஒன்று விழும். படத்தில் ஹிசானோ அம்மாளுக்கு வலது மடிப்பு மேலே இருந்தது.

தொண்ணூற்றொரு வயதுவரை வாழ்ந்த மனுஷி ரயில் ஏறும்போதே பிணக்கோலத்தில் நிற்பாளா? படச்சுருளைத் திருப்பிப் போட்டு அச்சடித்திருக்கிறார்கள். இடம் வலமாகி, வலம் இடமாகிவிட்டது. ஆறும்தான்.

அவள் குனுகியைக் கூப்பிட்டுக் காட்டினாள். எண் திரும்பித் தெரிகிறதா என்று நாகாய் ஓடிவந்து எஞ்சினின் எண் தகட்டைத் தேடினார், அது நீராவியில் மறைந்திருந்தது. ஸ்டேஷன் பெயர்ப்பலகை பக்கவாட்டில் நின்றதால் எழுத்து தெரியவில்லை. படத்தில் பொய் சொல்லாமல் இருந்தது அந்தக் கழுத்து ஒன்றுதான்.

"அப்படின்னா..." என்று இழுத்தார் நாகாய். "நம்ம ஆறு பலகையும் தப்பு. இவங்களோடது மட்டும்தான் சரி."

குனுகி வெகுநேரம் படத்தைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தாள் தோக்கியே. அந்த அளவுக்கு அவள் இன்னும் வெகுளியாக இருந்தாள்.

"இமாசெக்கி சான், நாளைக்குக் காலையில தெறப்பு. ஒரு பொம்பளையோட கழுத்துப்பட்டிக்காக ஆறு பேரோட ஒரு வருஷ உழைப்பக் கலைக்க முடியுமா? வர்றவங்க ரயிலப் பாக்க வர்றாங்க. இத ஒருத்தரும் கவனிக்கப் போறதில்ல. அடுத்த கூட்டத்துல பேசிக்கலாம். அதுவரைக்கும் தயவுசெஞ்சு இதப் பத்தி யார்கிட்டயும் ஒரு வார்த்தை வேணாம்."

ஒரு பொம்பளை! பெயர் சொல்லிக் காட்டிய பிறகும் அவருக்கு அது ஒரு பொம்பளைதான். எஞ்சினுக்கு மட்டும் எண், வகை, கட்டிய தொழிற்சாலை, கட்டிய வருஷம் எல்லாம் மனப்பாடம்.

"சரி, தலைவரே. நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன்" என்றாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் தோஃபு கடை சுமிக்குப் போன் செய்தாள். சுமி ஹிசானோ அம்மாளின் கடைசி மகள். நாளைக்குச் சமூகக்கூடத்துக்கு வா, உன் அம்மா படத்தைப் பெரிதாக மாட்டியிருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னாள். படத்தைப் பற்றி வேறொன்றும் சொல்லவில்லை. வாக்கு வாக்குதான். சுமி போனிலேயே அழுதுவிட்டாள், சந்தோஷத்தில். அந்த அழுகை தோக்கியேவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. பின்னால் அதற்காக அவள் சுமி வீட்டுக்குப் போய்த் தலை தாழ்த்தி மன்னிப்புக் கேட்டாள். ஆனால் அந்தப் போனைச் செய்ததற்கு வருத்தப்படவில்லை.

ஞாயிறு காலை பத்து மணிக்குக் கதவைத் திறந்தார்கள். டி51 தன்னைத் தாங்காத பாலத்தின் மேல் ஜம்பமாக ஓடிக்கொண்டிருந்தது. சுமி நல்ல உடுப்பு உடுத்தி, சங்கத்தாருக்கென்று ஒரு பெட்டி மான்ஜூ இனிப்பும் வாங்கிக்கொண்டு வந்தாள். கூடவே ஓமாத்தாவிலிருந்து குடிபெயர்ந்த நாலைந்து பெண்கள். எஞ்சினை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, நேராகப் படத்துக்கு முன்னால் போய் நின்றார்கள். சுமியின் முகம் மலர்ந்தது. அப்புறம் மெல்லச் சுருங்கியது.

"எங்கம்மாவுக்கு ஏன் பொணத்துக்குக் கட்டுற மாதிரி கட்டியிருக்கு?"

அவள் சத்தம் போடவில்லை. ஆனாலும் கூடமே திரும்பிப் பார்த்தது. மற்றவர்களும் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒருத்தி, அந்த ஆறு எப்போது அந்தப் பக்கம் போனது என்று கேட்டாள்.

குனுகியின் காது சிவந்தது. தோக்கியேவைப் பார்த்து, "இமாசெக்கி சான், நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்களேன்" என்றார்.

"நான் புல் பிரிவுங்க. போட்டோ, ஆதாரம் இதெல்லாம் தலைவரோட வேலை."

வேறு வழியில்லாமல் அவரே சொன்னார். படம் தலைகீழாக இல்லை, இடவலமாகத் திரும்பிவிட்டது, கவனக்குறைவு என்று இடுப்பை வளைத்து வணங்கினார். இனிப்புப் பெட்டியைக் கையில் பிடித்தபடியே சுமி மேசையைப் பார்த்தாள். அப்படியானால் இந்த மலை, இந்த ஆறு, இதெல்லாமும் தப்பா என்று கேட்டாள். அவர் இன்னும் கீழே வளைந்தார். சரியாக ஒன்றுகூட இல்லையா என்று கேட்டாள். நாகாய்தான் மேசைக்கு அடியைக் கை காட்டினார்.

டி51 நின்றது. குனுகியே மண்டியிட்டு, மேசைத் துணியைத் தூக்கி, பெட்டியை இழுத்தார். யாரும் உதவிக்குப் போகவில்லை, ஒன்பது ஆண்கள் பழைய வழக்கப்படி டீ கெட்டிலைப் பார்த்தார்கள். ஒரு தனி மேசையைக் காலி செய்து பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து, அதை இப்படி வைப்பதா அப்படி வைப்பதா என்று தெரியாமல் கையில் ஏந்தியபடி நின்றார்.

"இமாசெக்கி சான், ஆறு எந்தப் பக்கம் வரணும்?"

பதினொரு வருஷத்தில் பதில் வேண்டி அவர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது. தோக்கியே கைப்பையைத் திறந்து, கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்த குட்டி சி12ஐ எடுத்தாள். அதன் சக்கரத்தை நிதானமாகத் துடைத்தாள். பலகை கனம், அவர் ஒரு முழங்காலை அடியில் முட்டுக் கொடுத்துக்கொண்டார்.

"போட்டோவப் பாருங்க, தலைவரே" என்றாள்.