பாலம் வரை ஆறு நிமிடம்

வாசற்படியில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டாள் அனீஸா. "மச்சான், வாட்ச அமுக்குங்க. கெளம்பிட்டேன்."

அமுக்கினேன். தோஹாவில் வெள்ளிக்கிழமை காலை. நான் தங்கியிருக்கும் கட்டடத்துக்குக் கீழே, கார் நிறுத்தும் தளத்தில் நான் மட்டும் லுங்கியோடு நின்றிருந்தேன். கையிலிருந்த ஃபோனில் தஞ்சாவூர்த் தெரு ஒன்று அவள் நடைக்கு ஏற்ப ஆடியது.

குடிபோக நினைக்கும் வீட்டைப் பார்த்தாகிவிட்டது. பழைய தெருவில் புதிதாகக் கட்டிய சின்ன வீடு. மொட்டை மாடியில் நின்றால் பெரிய கோயில் கோபுரம் தெரிகிறது. எனக்கு அதுவே போதும். அனீஸாவுக்குப் போதாது. அவளுக்குத் திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலை. திருவையாற்று வாடகை வீட்டிலிருந்து பஸ்ஸில் தஞ்சாவூர் வந்து, அங்கே ரயில் பிடிக்கிறாள். எங்கள் மகள் சுமையா கண் விழிக்கும்போது அம்மா வீட்டில் இருப்பதில்லை. பிள்ளைக்குத் தலை பின்னிவிட்டுக் கிளம்ப வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. பத்து நிமிடத்தில் ஸ்டேஷனுக்கு நடந்துவிட முடிந்தால் இந்த வீடு, இல்லாவிட்டால் வேண்டாம். சாயங்காலத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். இன்னொருவரும் கேட்டுக்கொண்டிருக்கிறாராம்.

"புரோக்கர் ராஜாங்கம் எட்டே நிமிசம்தான் பாய்னு சொன்னாரு புள்ள."

"அந்தாளு புல்லட்டுல போயி பாத்திருப்பாரு," என்றாள், மூச்சு வாங்க.

அவள் நடக்க நடக்க நானும் தூண்களைச் சுற்றி நடந்தேன். ஒரு டீக்கடை வந்து போனது. யாரோ கழுவிவிட்ட வாசல், ஈரத்தில் வானம். அவள் கை தாழ்ந்தபோதெல்லாம் அவள் கால் தெரிந்தது. என் காலும் அதே வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தது. கல்யாணமாகி எட்டு வருஷத்தில் நாங்கள் சேர்ந்து இவ்வளவு தூரம் நடந்ததே இல்லை.

ஆறாவது நிமிடம் பாலம் வந்தது. அங்கே நின்றுவிட்டாள்.

"என்னாச்சு புள்ள? கால் வலிக்குதா?"

"தண்ணி வருது மச்சான்."

கல்லணையில் திறந்த தண்ணீர் அப்போதுதான் புது ஆற்றுக் கால்வாயில் வந்துகொண்டிருந்தது. காய்ந்த தரையில் நுரையும் சருகும் முன்னால் ஓட, பின்னால் பழுப்பாக ஒரு விரிப்பு அவசரமில்லாமல் நகர்ந்தது. பைக்கில் வந்தவர்கள் வண்டியை நிறுத்திவிட்டுக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தார்கள். பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்து ஓய்ந்தது.

"எவ்வளவு ஆச்சு?"

"ஒம்பது."

"நின்னத சேக்காதீங்க."

"ஸ்டேஷன் தெரியுதா?"

"தெனமும் இதத் தாண்டித்தான் போவணும்ல," என்றாள், தனக்குத்தானே சொல்வது போல.

நான் வாட்சை நிறுத்தினேன்.

அனீஸா ஃபோனைச் சுவருக்கு வெளியே நீட்டிப் பிடித்தாள். தெரு போய்விட்டது, அவள் கால் போய்விட்டது. திரை முழுக்கத் தண்ணீர். நுரை நேராக என்னிடம் வந்தது. குனிந்து பார்த்தபோது, காய்ந்த சிமெண்டுத் தரையில், லுங்கியை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.