இருபத்தெட்டாம் நாள் சோதனை

என் கணவர் சண்முகலிங்கம் கட்டிய துறைமுகங்கள் ஏழு நாடுகளில் நிற்கின்றன. கொழும்பில் எங்கள் வெள்ளவத்தை வீட்டில் அவர் தொடர்ந்து நாற்பது நாள் நின்றதில்லை. கல்யாணமாகி இருபத்துநாலு வருடத்தில் நாங்கள் ஒன்றாக இருந்ததைக் கூட்டினால் மூன்று வருடம்கூடத் தேறாது. அவருக்கு வெளிநாடு வெறுத்துப்போக வேண்டுமென்று கொட்டாஞ்சேனை அம்மனுக்கு நான் வைக்காத நேர்த்தி இல்லை.

இந்த முறை லீவில் வந்தும் மனிதருக்கு மனம் இங்கில்லை. வருவதற்குச் சற்று முன்தான் கப்பல் அணையும் சுவருக்குக் கொங்கிறீற் போட்டிருந்தார்கள். போடும்போதே அதில் கொஞ்சம் எடுத்துச் சிறு கட்டிகளாக வார்த்து வைப்பார்களாம். இருபத்தெட்டாம் நாள் அவற்றை நசுக்கிப் பார்த்தால்தான் சுவரின் பலம் தெரியுமாம். பிள்ளையின் சோதனை மறுமொழிக்குக் காத்திருப்பவரைப்போல லாப்டொப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

மறுமொழி வந்தது. தாங்கவேண்டிய பாரத்தைத் தாங்காமலே கட்டிகள் நொறுங்கிவிட்டன. அன்று பின்னேரமே மனேஜர் அழைத்தார். எல்லாம் சரியென்று கையெழுத்து வைத்து அனுப்பு, இல்லாவிட்டால் திரும்பி வரவேண்டாம் என்றாராம்.

"அந்தச் சுவரை இடிக்கத்தான் வேணும். நான் கையெழுத்து வைக்கமாட்டன் ராணி."

"வைக்காதேங்கோ," என்றேன். நேர்மைக்காகச் சொன்னேன் என்று நினைத்திருப்பார். எனக்கோ பழம் நழுவிப் பாலில் விழுந்த சந்தோஷம்.

வேலை போனது. மனிதர் வீட்டில் நின்றார். ஐயோ, அந்தக் கூத்தை என்னவென்று சொல்வேன்! எங்கள் பைப்பில் ஒரு வாளி எத்தனை செக்கனில் நிரம்புகிறது என்று மணிக்கூட்டைப் பிடித்துப் பார்த்தார். மொட்டைமாடித் தண்ணீர்த் தாங்கிக்குள் எட்டிப் பார்த்து எங்கள் தொடர்மாடிக் காவற்காரரோடு சண்டை பிடித்தார். ஒரு நாளைக்கு ஐந்து தரம் ரயில் பாதையைக் கடந்து கடற்கரைக்குப் போய் வந்தார். மூன்றாம் மாதம் அதையும் நிறுத்திவிட்டார். சவரம் இல்லை. தேத்தண்ணி ஆறிப்போனதும் தெரிவதில்லை. கேட்டு வாங்கிய வரம் என் கண்முன்னே கதிரையில் குந்திக்கொண்டிருந்தது. பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

நானே போனை எடுத்து வேலை விளம்பரங்களைத் தேடினேன். மூன்று நாள் தேடினேன்.

"இஞ்சாருங்கோ, மொசாம்பிக்கிலை ஒரு தண்ணித் திட்டத்துக்கு இஞ்சினியர் கேக்கினம். போட்டுப் பாப்பமே?"

அவர் நிமிர்ந்தார். "நீர்தானே போகவேண்டாமெண்டு அழுகிறனீர்? திரும்பவும் தனியக் கிடக்கப் போறீரே?"

"தனிய இருந்து நான் பழகீட்டன். உங்களை இப்பிடிப் பாக்கத்தான் ஏலாமல் கிடக்கு."

அவர் எழுந்து பாஸ்போட்டைத் தேடத் தொடங்கினார். அது அலுமாரியில் என் கூறைச் சேலைக்கு அடியில் கிடந்தது. வேலை போன அன்றே அதை அங்கே ஒளித்து வைத்தவள் நான். எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு, குசினிக்குள் போய் அடுப்படியில் நின்று அழுதேன்.