பகலில் தூங்கும் வீடு

பல் டாக்டரிடம் வரவேற்பில் பல வருஷம் உட்கார்ந்திருந்தவள், ஒருநாள் வேலையை விட்டுவிட்டு வீட்டு புரோக்கர் ஆகப்போகிறேன் என்றபோது யாரும் நம்பவில்லை. நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் அவள் பேசினாலே அதிசயம். அந்த நாலிலும் நடுவில் நிறுத்திவிட்டு ஜன்னலுக்கு வெளியே எங்கோ போய்விடுவாள். லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவன் அவளுக்கு ‘மேகம்’ என்றே பெயர் வைத்திருந்தான். டாக்டர் மட்டும் சிரித்தார். “இத்தனை நாளா இங்க மத்தவங்கதான் வாயைத் திறந்தாங்க. இனிமே நீ திறக்கணும்மா.”

இந்த ஆசை திடீரென்று வந்ததில்லை. முந்தைய வருஷம்தான் இருவரும் கடன் வாங்கி, சந்தைக்குப் பின்னால் ஓர் ஒற்றை அறை வீட்டை வாங்கி, ஒரு தையல்காரருக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். அந்த வாடகை கடனை அடைத்துக்கொண்டு வந்தது. அவர்கள் குடியிருந்ததோ வேறொருவர் வீட்டு மாடியில், வாடகைக்கு. இங்கே குழாய் ஒழுகினால் வீட்டுக்காரரிடம் கெஞ்ச வேண்டும். அங்கே ஒழுகினால் தையல்காரரிடம் பாட்டு வாங்க வேண்டும். இரண்டும் ஒரே காலையில் ஒழுகிய நாளில் கணவன் ஸ்பேனரும் கையுமாக நின்று, “இப்ப நான் யாரு? கெஞ்சறவனா, திட்டு வாங்கறவனா?” என்று கேட்டான்.

அவளுக்கோ அந்த அறையில் முதல்முதலாக விளக்கு எரிந்ததைத் தெருவில் நின்று பார்த்த மயக்கம் இன்னும் தெளியவில்லை. தான் சாவி கொடுத்த கதவுக்குப் பின்னால் ஒரு மனிதர் உட்கார்ந்து சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருக்கிறார். அதை நினைக்கும்போதெல்லாம் வயிற்றுக்குள் வெதுவெதுப்பாக இருந்தது.

அவள் சேர்ந்த அலுவலகத்தை நடத்திய முதலாளியம்மா பேச ஆரம்பித்தால் எதிரே இருப்பவர் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் மூச்சு விடுவார். புதியவளுக்கு அவர் கொடுத்தது, யாராலும் தள்ளிவிட முடியாத ஒரு பழைய வீடு. அலுவலகத்தில் அதற்கு ‘கிணறு’ என்று பெயர். ஒரு பக்கம் காலியான கிடங்கு, மறுபக்கம் உயரமான கட்டடம். எந்த ஜன்னலைத் திறந்தாலும் சுவர்தான். நடுப்பகலிலும் உள்ளே ஒரு சாம்பல் வெளிச்சம் தண்ணீர்போல் தேங்கி நிற்கும். பார்க்க வந்தவர்கள் வாசலிலேயே முகம் சுளித்துத் திரும்பினார்கள்.

“ஏதாவது பேசு. சுவரைப் பத்திப் பேசு, கதவைப் பத்திப் பேசு. நீ பாட்டுக்கு அவங்களோட சேர்ந்து இருட்டைப் பார்த்துக்கிட்டு நின்னா எப்படி?” என்று முதலாளியம்மா கடிந்துகொண்டார்.

ஆனால் அவளுக்கு அந்த வீடு பிடித்திருந்தது. காற்றோட்டத்துக்காகத் தினமும் மத்தியானம் போய்த் திறந்து வைப்பாள். உள்ளே நுழைந்ததும் தெரு காணாமல் போகும். தடித்த சுவர்கள் எல்லாச் சத்தத்தையும் விழுங்கிவிடும். தன் செருப்புச் சத்தம்கூட யாரோ தூரத்தில் நடப்பதுபோல் கேட்கும். அறை அறையாகப் போய், இங்கே ஒரு கட்டில், இங்கே ஒரு மேஜை, இந்த மூலையில் கால் நீட்டிப் படிக்க ஒரு நாற்காலி என்று இல்லாத சாமான்களை எல்லாம் போட்டுப் பார்ப்பாள். ஒருநாள் அப்படியே சுவரில் சாய்ந்தவள் கண்ணயர்ந்துவிட்டாள்.

விழித்தபோது எதிர்ச் சுவரோரம் யாரோ ஒரு பெண், கைப்பையைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். கனவுதான் என்று நினைத்து இவள் அசையாமல் இருந்தாள். அந்தப் பெண்ணின் மூச்சு ஏறி இறங்கியது. சாம்பல் வெளிச்சம் மெல்ல நீலமாகிக்கொண்டிருந்தது. கனவில் வருகிறவர்கள் குறட்டை விடமாட்டார்களே என்று தோன்றிய பிறகுதான் எழுந்து போய்த் தொட்டாள்.

அந்தப் பெண் வாரிச்சுருட்டிக்கொண்டு எழுந்தாள். “ஐயையோ, மன்னிச்சிடுங்க! நான் நர்ஸ். விக்கிற வரைக்கும் ஒரு பகுதியை வாடகைக்குத் தருவாங்கன்னு ஆபீஸ்ல சொல்லி அனுப்பினாங்க. நீங்க தூங்கிட்டு இருந்தீங்க, எழுப்ப மனசு வரல. சரி, செத்த நேரம் உட்காரலாம்னு உட்கார்ந்தேன்.”

“நானும் அப்படித்தான் உட்கார்ந்தேன்,” என்றாள் இவள். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

“எனக்கு எப்பவும் நைட் டியூட்டிங்க. பகல்ல தூங்கினாத்தான் உண்டு. எந்த வீட்டுக்குப் போனாலும் வெயில் மூஞ்சில அடிக்கும், இல்லன்னா மேல் வீட்டுல எதையாவது போட்டு உருட்டுவாங்க. இப்படிச் செத்தவ மாதிரி தூங்கி எத்தனை நாளாச்சு தெரியுமா?” நர்ஸ் அந்தச் சுவரைத் தடவிப் பார்த்தாள். “இதைப் போய் எதுக்கு யாரும் வேணாங்கறாங்க?”

அன்று இவள் பஸ் ஏறாமல் நடந்தே வீட்டுக்குப் போனாள். ஊரில் ஒரு பாதி தூங்கும்போது மறுபாதி விழித்திருக்கிறதே என்பது அன்றுதான் உறைத்தது. ரொட்டி சுடுகிறவர், பேப்பர் வண்டி ஓட்டுகிறவர், ஆஸ்பத்திரியில் கண் விழிக்கிறவர்கள். அவர்களுக்கெல்லாம் ராத்திரி எங்கே இருக்கிறது? சூரியனை ஏமாற்றிவிட்டு ஒளிந்துகொள்ள ஒரு வீடு வேண்டாமா?

மறுநாள் முதலாளியம்மாவின் மேஜை முன்னால் போய் நின்றாள். “அந்தக் கிணத்தை நானே வாங்கிக்கட்டுமாம்மா?”

முதலாளியம்மா குடித்த தண்ணீர் புரையேறிவிட்டது. “விக்க வந்தவ முதல் வீட்டை உனக்கே வித்துக்கறியா? கமிஷனை உன் புருஷன்கிட்டயா வாங்குவே?” என்றாலும், வாங்குவது தன் அலுவலகப் பெண்தான் என்று உரிமையாளரிடம் ஒளிக்காமல் போனில் சொன்னார். “யாரா இருந்தா என்ன, எடுத்துக்கட்டும்!” என்று அவர் நிம்மதியாகச் சொன்னது அறை முழுக்கக் கேட்டது.

கணவன்தான் சம்மதிக்கவில்லை. “நமக்கே சொந்தமா ஒரு மூலை இல்ல. இன்னும் எத்தனை பேருக்கு வீட்டுக்காரங்களா இருக்கறது?”

“வந்து ஒரு தடவை பாருங்க. அப்புறம் வேணாம்னா விட்டுடலாம்.”

வந்தான். சுவரைத் தட்டினான், படிக்கட்டை மிதித்துப் பார்த்தான், குழாய்களை எல்லாம் திருகினான். பிறகு நடு அறையில் நின்று தலையைச் சாய்த்து எதையோ உற்றுக் கேட்டான்.

“என்னங்க?”

“என் காதுக்குள்ள எப்பவும் ஒரு மோட்டார் ஓடிக்கிட்டே இருக்கும். தூங்கும்போதுகூட.” அவன் குரல் தானாகவே தாழ்ந்திருந்தது. “இப்ப ஓடல.”

தையல்காரர் தரும் வாடகையைக் காட்டி பேங்கில் இரண்டாவது கடன் வாங்கினார்கள். வீடு மூன்று பகுதியாகி, நர்ஸும், ஒரு ரொட்டி மாஸ்டரும், பேப்பர் வண்டி டிரைவரும் குடிவந்தார்கள். காலிங் பெல்லைக் கழற்றியாயிற்று. பாத்திரம் கழுவுவதெல்லாம் பொழுது சாய்ந்த பிறகுதான். வெளியே ஊர் அலறிக்கொண்டிருக்கும் மத்தியானத்தில் உள்ளே மூன்று அறைகளிலும் மூச்சுச் சத்தம் மட்டும் இருக்கும்.

எல்லாம் கூடிவந்த நேரத்தில்தான் பக்கத்துக் கிடங்கில் தகரப் பட்டறை வரப்போகிறது என்று காதில் விழுந்தது. பகலெல்லாம் சுத்தியல். “அப்ப நாங்க காலி பண்ண வேண்டியதுதான்,” என்றார் ரொட்டி மாஸ்டர், கோபமில்லாமல். அந்த அமைதிதான் அவளை உலுக்கியது.

நேரே கிடங்குக்காரர் வீட்டுக்குப் போனாள். வாயைத் திறந்தாள். அன்று எங்கிருந்துதான் பேச்சு வந்ததோ! பட்டறையால் தரை பெயரும், கூரை அதிரும் என்றாள். தினமும் தூக்கத்தைத் தொலைக்கப்போகிற மூன்று பேரைப் பற்றிச் சொன்னாள். அவர்களில் ஒருவர் சுடும் ரொட்டியைத்தான் அவர் காலையில் தின்கிறார் என்பதையும் விடவில்லை.

கிடங்குக்காரர் காதைக் குடைந்துகொண்டார். “சரிம்மா, சும்மா போட்டு வைக்க முடியுமா? வேற ஆள் இருந்தா கூட்டிட்டு வா. வார முடிவு வரைக்கும் பார்க்கறேன்.”

கடை கடையாக ஏறி இறங்கினாள். கடைசியில் சரக்கு வைக்க இடமில்லாமல் நடைபாதை வரை அடுக்கியிருந்த மெத்தை வியாபாரி ஒருவர் அகப்பட்டார். பேசி முடித்து, ஒப்பந்தத்தில் கையெழுத்தும் வாங்கினாள். வெளியார் தந்த அவளுடைய முதல் கமிஷன் அது. முதலாளியம்மா அவளை ஏற இறங்கப் பார்த்து, “ஊமைன்னு நினைச்சேன். ஊரையே வித்துடுவே போலிருக்கு,” என்றார்.

இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் கூரை வரை பஞ்சு மெத்தைகள். வீடு முன்னைவிட ஆழமாகத் தூங்கியது.

ஒரு மத்தியானம் மாடிக் கதவின் கீல் கிரீச்சிடுகிறது என்று டிரைவர் சொல்லியனுப்ப, இருவரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பூனைபோல் ஏறினார்கள். கணவன் எண்ணெய் விட்டான். அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள். “கொஞ்சம் தூக்கு.” “போதுமா?” “இன்னும்.” எல்லாம் காதோடு காது. கீழே யாரோ தூக்கத்தில் புரண்டு படுத்தார்கள்.

பஸ்ஸில் திரும்பும்போதும், கடையில் காய் வாங்கும்போதும், மாடிப்படி ஏறும்போதும் அப்படியேதான் பேசிக்கொண்டு வந்தார்கள். வாசலில் நின்ற அவர்களுடைய வீட்டுக்காரர் கலவரப்பட்டு, “என்ன, யாருக்காவது உடம்பு சரியில்லையா?” என்று, அவரும் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.