யானைப் பக்கம் பேச ஆளில்லை

மொன்றியல், பார்க் எக்ஸ்டென்ஷனில் வாழும் தமிழர்களுக்கு அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் வாக்கு இல்லை. இந்தச் சிறு குறைபாட்டை அவர்கள் ஒருபோதும் பெரிதுபடுத்தியதில்லை. கனடாத் தேர்தல் வந்தால் மழை, முழங்கால் வலி, கார் விட இடமில்லை என்று ஏதாவது குறுக்கே வந்துவிடும். அமெரிக்கத் தேர்தலுக்கு எதுவும் குறுக்கே வருவதில்லை. பென்சில்வேனியாவில் எந்த மாவட்டம் எந்தப் பக்கம் சாயும் என்று மூச்சுவிடாமல் சொல்லக்கூடியவர்கள், சொந்தத் தொகுதி எம்.பி.யின் பெயரைக் கேட்டால் இருமுவார்கள்.

இதை முதலில் புரிந்துகொண்டவர் சிவநேசம் அக்கா. அவருக்கு ஒரு டெப்பனர், அதாவது தெருமுனைப் பலசரக்குக் கடை, இருந்தது. கடையின் பின்னறையில், சத்தம் வெளியே போகாதபடி சுவரோரம் அரிசி மூட்டைகளை அடுக்கி, 'பனிமலர்' என்ற இணைய வானொலியை நடத்திவந்தார். சனிக்கிழமைக் காலையில் 'அமெரிக்கக் களம்' என்றொரு விவாதம் தொடங்குவதென்று முடிவாகி, அதற்கு இரண்டு பேரை அழைத்தார். ஒருவர் ஆனந்தராசா, மற்றவர் உருத்திரமூர்த்தி. இருவரும் புவாண்ட்-கிளேரில் ஒரே கிடங்கில் வேலை செய்பவர்கள், ஒரே காரில் போய் வருபவர்கள். முதல் நாள் ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, இருவரும் ஒரே கட்சி என்று. இருவருமே டெமோக்ராட்.

"ரெண்டு பேரும் ஓம் ஓம் எண்டு தலையாட்டினா ரேடியோவில தெரியாது," என்றார் சிவநேசம் அக்கா. "ஆரும் ஒராள் மற்றப் பக்கம் போங்கோ."

ஆனந்தராசா உடனே கூரையைப் பார்த்தார். உருத்திரமூர்த்திக்குக் கூரையைப் பார்க்கச் சற்றுத் தாமதமாகிவிட்டது.

"சரியக்கா. நீங்கள் கேக்கிறியள்," என்றார்.

ரிப்பப்ளிக்கன் கட்சிக்கு பார்க் எக்ஸ்டென்ஷனில் கிளை திறக்கப்பட்டது இப்படித்தான்.

உருத்திரமூர்த்தி எடுத்த வேலையை அரைகுறையாகச் செய்கிறவர் அல்லர். வேலை இடைவேளைகளில் கைபேசியில் தேடித் தேடி வாசித்தார். வரிக்குறைப்பு, எண்ணெய், துப்பாக்கி உரிமை எல்லாவற்றுக்கும் அவரிடம் நியாயம் இருந்தது. எல்லையை இறுக்கி மூட வேண்டும் என்று அவர் முழங்கிய காலையில், அவர் கனடாவுக்குள் எப்படி வந்து சேர்ந்தார் என்பதை நேரில் அறிந்த மூன்று பேர் லைனில் காத்திருந்தார்கள். கட்சியின் யானைச் சின்னம் வேறு சிக்கலாகிவிட்டது. ஒரு முதியவர் கிழமை தவறாமல் தொலைபேசி எடுத்து, "தம்பி, யானைக்கு நான் ஊரிலையே புள்ளடி போடேல்லை. இஞ்ச வந்து போடுவன் எண்டு நினைக்கிறீரோ?" என்று கேட்பார். இது அமெரிக்க யானை, இலங்கையின் யூ.என்.பி. யானைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று ஆனந்தராசா, எதிர்க்கட்சிக்காரராக இருந்தும், பெருந்தன்மையோடு விளக்கினார். முதியவர் நம்பவில்லை. இரண்டும் ஒரே நிறம் என்றார்.

வீட்டிலும் நிலைமை நன்றாக இல்லை.

"கோயில்ல பிரசாதத்துக்கு லைன்ல நிண்டா, உங்கட மனுசன் மதில் கட்டப் போறாராம் எண்டு கேக்கினம்," என்றார் மனைவி புஷ்பவதி. "பாத்ரூமில கழண்ட ரைல் ஒண்டை ஒட்டாத மனுசன், அங்க போய் மதில் கட்டப் போறாரோ எண்டு நானும் சொல்லிப்போட்டு வந்தனான்."

நிகழ்ச்சி முடிந்ததும் ஒலிவாங்கியை அணைக்க சிவநேசம் அக்கா அடிக்கடி மறந்துவிடுவார். அதனால் ஜனநாயகத்தின் எதிர்காலம் குறித்த இறுதி எச்சரிக்கைக்குப் பிறகு, "மச்சான், ஜான்-டலோன் சந்தைக்குப் போறன். கத்தரிக்காய் வேணுமோ?" என்பதும், "கறுத்தக் கத்தரிக்காய் வாங்காதை, போன முறை கசந்தது" என்பதும் சேர்ந்து உலகெங்கும் ஒலிபரப்பாகும்.

இப்படி இருக்கையில்தான் நிரோஜாவின் கல்யாணப் பேச்சு வந்தது.

நிரோஜா உருத்திரமூர்த்தியின் ஒரே மகள். பல்கலைக்கழகத்தில் கூடப் படித்த தனோஜனைத் தானே தேர்ந்தெடுத்திருந்தாள். அவன் குடும்பம் நியூஜேர்சியில். பெற்றோருக்கு மிச்சமிருந்தது சம்மதிப்பது ஒன்றுதான். ஆனால் நம்மவர்கள் சும்மா சம்மதிப்பதில்லை, விசாரித்துச் சம்மதிப்பார்கள். புஷ்பவதி ரொறன்ரோவில் உள்ள ஒன்றுவிட்ட தங்கையை விசாரிக்கச் சொன்னார். அறிக்கை மாலையே வந்தது: "நல்ல ஆக்கள். குடிவகை இல்லை. வலுத்த டெமோக்ராட், வீட்டு முத்தத்தில கட்சிப் பலகை நட்டு வைச்சிருக்கினமாம்."

கடைசி வரியைக் கேட்ட உருத்திரமூர்த்தி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அப்பா, அவையும் எங்களை விசாரிக்கினம்," என்றாள் நிரோஜா. "ஆரோ ரேடியோ லிங்கை அனுப்பியிருக்கினம். பழைய நிகழ்ச்சி எல்லாம் அதில கிடக்கு."

"எல்லாமோ?"

"எல்லாம். பலூன் விழுந்ததுக்கு நீங்கள் அழுததும்."

யானைக் கட்சியின் மாநாடு முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. மண்டபக் கூரையிலிருந்து பலூன்கள் கொட்டிய காட்சியை வர்ணித்தபோது உருத்திரமூர்த்தியின் குரல் தழுதழுத்தது உண்மைதான். அது தொழில் நேர்த்தி. அதைச் சம்பந்தி வீட்டுக்கு எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. டெமோக்ராட்டுகளின் கழுதைக் கட்சி மாநாடு முடிகிற வார இறுதியில், ஞாயிற்றுக்கிழமை, தனோஜனின் தாய் தகப்பன் பெண் வீடு பார்க்க வருவதாக இருந்தது. பேச்சு முறிந்தால் தன் வாயால் முறிந்ததாக இருக்கும் என்று நினைத்து அவர் அன்றிரவு சரியாகத் தூங்கவில்லை.

மறுநாள் வேலைக்குப் போகும் வழியில், நாற்பதாம் நெடுஞ்சாலையில் கார் ஊர்ந்துகொண்டிருக்கும்போது ஆனந்தராசாவிடம் கேட்டார்.

"மச்சான், வாற சனி நீ யானையை எடு."

"ஏன், யானைக்கு என்ன வருத்தம்?"

"நிரோஜான்ர விசயம். மாப்பிள்ளை பகுதி டெமோக்ராட். நான் இந்த ஒரு மாநாட்டுக்கு உன்ர பக்கம் இருந்து கதைக்கிறன்."

"எனக்கும் கோயிலுக்குப் போகவேணுமடா."

"ஒரு கிழமைதானே."

ஆனந்தராசா முன்னால் நின்ற லொறியின் பின்புறத்தை நீண்ட நேரம் வாசித்தார். "பிள்ளைக்காகச் செய்யிறன்," என்றார் கடைசியில். "துப்பாக்கி விசயத்தை மட்டும் கேக்காதை. எனக்கு அதில ஒண்டும் தெரியாது."

அந்தச் சனிக்கிழமை நிகழ்ச்சியைக் கேட்டவர்கள் இன்றைக்கும் அதைப்பற்றிப் பேசுவதில்லை. ஆனந்தராசா யானைக் கட்சியை, அது காலமாகிவிட்டது போலவும் தான் இரங்கலுரைக்கு அழைக்கப்பட்டது போலவும் புகழ்ந்தார். உருத்திரமூர்த்தி, கழுதைக் கட்சி மாநாட்டில் மாநிலங்கள் ஒவ்வொன்றாக எழுந்து வேட்பாளருக்கு ஆதரவு சொன்ன அழகை விவரிக்கும்போது, இரண்டு தடவை பழக்கதோஷத்தில் "அவங்கள்" என்று சொல்லி, பிறகு "நாங்கள்" என்று திருத்தினார். இருவரும் ஒருவரை ஒருவர் "நண்பர் அவர்கள்" என்று விளித்துக்கொண்டார்கள். முதியவர் எடுத்து, "இப்ப ஆர் யானை?" என்று கேட்டார். பதில் வராததால் வைத்துவிட்டார். முடிந்ததும் ஆனந்தராசா வெட்கத்தில் யாரிடமும் பேசாமல் எழுந்து போய்விட்டார். ஒலிவாங்கி வழக்கம்போலத் திறந்தே இருந்தது. அதில் குளிர்பெட்டியின் இரைச்சல் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தனோஜனின் தகப்பன் நகுலேஸ்வரனும் மனைவியும் வந்தார்கள். நகுலேஸ்வரன் மெலிந்த மனிதர், அதிகம் பேசாதவர். சோறும் கறிகளும் பரிமாறப்பட்ட பிறகும் அவர் சாப்பிடவில்லை. சோற்றைப் பிசைந்து ஒரு பக்கமும், பிறகு மறு பக்கமும் ஒதுக்கிக்கொண்டிருந்தார். புஷ்பவதி உப்புக் கூடிவிட்டதோ என்று பயந்தார். கூடியது உப்பல்ல, ரேடியோவில் தன் வாய்தான் என்று உருத்திரமூர்த்திக்குப் பட்டது.

"அண்ணை, ஒண்டு கேக்கலாமோ?" என்றார் நகுலேஸ்வரன். "உங்கட நிகழ்ச்சி முழுக்கக் கேட்டனான். வேலைக்குப் போகேக்கை கார்ல போட்டுக்கொண்டு போறது."

"இப்ப நான் டெமோக்ராட்," என்றார் உருத்திரமூர்த்தி.

"தெரியும். நேற்றைக்கும் கேட்டனாங்கள்."

"நேற்று இவர் ஒழுங்காச் சாப்பிடவுமில்லை," என்றார் நகுலேஸ்வரனின் மனைவி.

"நீங்களும் ஆனந்தராசா அண்ணையும் கோபமோ?"

உருத்திரமூர்த்திக்குக் கேள்வி விளங்கவில்லை. "இல்லையே. காலமையும் போன் எடுத்தவன்."

"பின்ன ஏன் கத்தரிக்காய் வேணுமோ எண்டு கேக்கேல்லை?"

நகுலேஸ்வரன் தட்டைப் பார்த்தபடி தொடர்ந்தார். "எங்கட தெருவில என்ர அண்ணர் ஸ்ரீதரன் இருக்கிறார். அவற்ற முத்தத்தில அவற்ற கட்சிப் பலகை. என்ர முத்தத்தில என்ர கட்சிப் பலகை. அண்ணர் ஆனை, நான் மற்றது. போன தேர்தலுக்கு வாய்த்தர்க்கம் வந்தது. அதோட கதை இல்லை. குப்பை வைக்கப் போகேக்கை கண்டாலும் அங்கால பாத்துக்கொண்டு போறது. நீங்கள் ரெண்டு பேரும் நாயும் பூனையுமாக் கிழிச்சுப்போட்டு, பிறகு கத்தரிக்காய் கதைப்பியள். அதுக்காகத்தான் நான் வேலைக்கு வந்தாப் பிறகும் கார்ல இருந்து இறங்காமல் கேக்கிறனான். நேற்று அது வரேல்லை. இவையும் முறிஞ்சு போட்டினம் எண்டு நினைச்சன்."

"ஐயோ அண்ணை," என்றார் புஷ்பவதி. "இவரும் முதல்ல உங்கட கட்சிதான். யானைப் பக்கம் கதைக்க ஆளில்லை எண்டு சிவநேசம் அக்கா கேட்டவ. இவருக்கு மாட்டன் எண்டு சொல்லத் தெரியாது. நேற்று மாறினது உங்களுக்குப் பயந்து."

நிரோஜா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு பிரெஞ்சில் ஏதோ சொன்னாள்.

"எங்களுக்கோ?" நகுலேஸ்வரன் நிமிர்ந்தார். "அப்ப இவ்வளவு நாளும் கதைச்சது?"

"தேடி வாசிச்சுக் கதைச்சனான்."

"ஒண்டையும் நம்பேல்லையோ?"

உருத்திரமூர்த்தி யோசித்தார். பொய் சொல்லிக் களைத்திருந்தார். "சில இடங்களில நம்பினனான்," என்றார். "வீட்டில சொல்லேல்லை."

புஷ்பவதி திரும்பிக் கணவரைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கான விசாரணை பின்னொரு நாளைக்கு ஒத்திவைக்கப்பட்டது.

நகுலேஸ்வரன் முதன்முறையாகச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, வந்த விடயத்தைச் சொன்னார். பெண்ணில் குறையில்லை, குடும்பத்திலும் குறையில்லை. ஆனால் தனோஜனைத் தூக்கி வளர்த்தது பெரியப்பா ஸ்ரீதரன்தான். பெரியப்பா வராமல் மணவறையில் ஏறமாட்டேன் என்று பெடியன் சொல்லிவிட்டான். தம்பி போய்க் கூப்பிட்டால் அண்ணர் கதவு திறக்கமாட்டார். "ஆனா உங்கட நிகழ்ச்சி விடாமல் கேக்கிறவர். உலகத்திலயே தமிழில தன்ர பக்கத்தை ஒழுங்காக் கதைக்கிற ஒரே மனுசன் மொன்றியலில இருக்கிறார் எண்டு பெடியனுக்குச் சொல்லியிருக்கிறார். நீங்கள் ஒருக்கா எடுத்துக் கதையுங்கோ அண்ணை."

"நேற்றைய நிகழ்ச்சியும் கேட்டிருப்பாரோ?"

"கேட்டிருப்பார்."

உருத்திரமூர்த்தி கையைக் கழுவிவிட்டு வந்தார். நகுலேஸ்வரன் இலக்கத்தைச் சொல்ல, அதை அழுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி கைபேசியை மேசையில் வைத்தார்.

"வணக்கம். நான் மொன்றியலில இருந்து உருத்திரமூர்த்தி கதைக்கிறன்."

அந்தப் பக்கம் ஒரு தொலைக்காட்சி அணைந்தது. "நேற்று மற்றப் பக்கம் பாய்ஞ்ச உருத்திரமூர்த்தியோ?"

"ஓம்."

"என்னத்தைக் காட்டிக் கூப்பிட்டவை?"

"மகளின்ர கலியாணத்தை." அவர் தொண்டையைச் செருமினார். "உங்கட தனோஜனுக்குத்தான் பேசியிருக்கு. நீங்கள் வராட்டி மணவறையில ஏறமாட்டன் எண்டுறார். நேற்றுக் கதைச்சதுக்கு என்னைத் திட்டவேணும் எண்டா, வந்து பந்தியில வைச்சுத் திட்டுங்கோ. நான் பேசாமல் இருந்து கேக்கிறன்."

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நிரோஜா எட்டிப் பார்த்தாள்.

"தம்பி அங்கையோ நிக்கிறான்?" என்றது குரல்.

"முன்னால இருக்கிறார்."

"சாப்பிட்டவனோ?"

உருத்திரமூர்த்தி நகுலேஸ்வரனின் தட்டைப் பார்த்தார். "சோறு போட்டபடி கிடக்கு."

"சாப்பிடச் சொல்லும். அவனுக்குச் சுகர். நேரத்துக்குச் சாப்பிடாட்டித் தலை சுத்தும்." பிறகு, "அவனிட்டைக் குடும்," என்றது.

நகுலேஸ்வரன் இடது கையால் கைபேசியை எடுத்தார். "அண்ணை," என்றார். அதற்குமேல் அங்கே நின்று பேச முடியாமல், சோறு ஒட்டிய வலது கையைத் தூக்கிப் பிடித்தபடி பல்கனிக்குப் போய்க் கதவைச் சாத்தினார்.

உள்ளே யாரும் கரண்டியைத் தொடவில்லை. கண்ணாடிக்கு அப்பால் அவர் முதுகு மட்டும் தெரிந்தது. முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு மெதுவாக ஏதோ கேட்டது. பிறகு பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும்: "அது பொய் அண்ணை. நீங்கள் பாக்கிற சானலில அப்பிடித்தான் சொல்லுவினம். நான் சொல்லுறதைக் கொஞ்சம் கேளுங்கோ."

நகுலேஸ்வரனின் மனைவி நாற்காலியில் சாய்ந்து நீளமாக மூச்சு விட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு புஷ்பவதியிடம் திரும்பினார்.

"தையில ஒரு நல்ல நாள் பாப்பமோ?"

"பாப்பம்," என்றார் உருத்திரமூர்த்தி. "தையில வாற ஜனாதிபதி பதவியேற்பு நாளை மட்டும் விடுவம்."