கொள்ளிடத்தின் புது வாய்

மாணிக்கராஜின் நெஞ்சில் சுரங்கத் தூசி படிந்துவிட்டது. தூசி இல்லாத இடத்துக்குப் போனால் சில வருஷம் இருக்கலாம் என்றார் டாக்டர். மனைவி ஞானசௌந்தரிக்குக் கொள்ளிடம் கடலில் கலக்கும் இடத்தில், உப்பங்கழிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல் திட்டில், அப்பா விட்டுப்போன குடிசை இருந்தது. அதை நம்பி அவன் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்தான். தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில் கம்பெனி கொடுத்திருந்த லைன் வீட்டையும் ஒப்படைத்தார்கள்.

கிளம்பும் வாரத்தில்தான் எழுபத்தேழாம் வருஷப் புயல் அடித்தது. வேறு போக்கிடம் இல்லாததால் போனார்கள்.

அவள் தம்பி சந்தியாகு அவர்களைக் கரைக்கு அழைத்துப்போனான். திட்டு இருந்த இடத்தில் பழுப்பு அலை புரண்டது.

"தண்ணி எப்போ வடியும்?" என்று கேட்டான் மாணிக்கராஜ்.

"வடியாதுங்க மச்சான். ஆறு இந்தப் பக்கமா புதுசா வாய் தொறந்துக்கிச்சு. இனிமே இது கடல்தான்."

"நம்ம கோயில் எங்கடா?" என்றாள் ஞானசௌந்தரி.

அலை உடைந்த ஓரிடத்தை அவன் காட்டினான். வீடு போய், அவனே பள்ளிக்கூடத்தில்தான் படுத்திருந்தான்.

இருவரும் ஊரிகத்துக்கே திரும்பினார்கள். தங்கம் எடுத்த மண்ணைக் கொட்டிய சயனைடு மேட்டடியில்தான் வாடகைக்கு ஓர் அறை கிடைத்தது. காற்று அடிக்கும்போதெல்லாம் வெள்ளைத் தூசி உள்ளே வந்தது. அவள் ஈரச் சேலையை ஜன்னலில் கட்டினாள்.

"இன்னாத்துக்கு இதெல்லாம், விடு" என்றான் அவன்.

அவள் அவிழ்க்கவில்லை. காற்றும் நிற்கவில்லை.