கழுத்திறகு

மாமனார் இருப்பது மூத்த மாப்பிள்ளை வீட்டில். சாப்பாடு, மருந்து, செருப்பு எல்லாம் மூத்தவர் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரையில் மட்டும், மாமனார் தூண்டிலில் மாட்டுவது மீனை ஏமாற்ற இளைய மாப்பிள்ளை இறகில் கட்டிய போலிப் பூச்சியை.

"சின்னவர் கட்டுறது தண்ணிமேல நிக்குது, மாப்பிள்ளை. உங்களுது படுத்துடுது."

எப்போதோ சொன்னது. மூத்தவருக்கு வயிறு இன்னும் எரிந்தது.

மிதக்கும் பூச்சிக்கு உயிரே சேவலின் கழுத்திறகுதான். தூண்டில் முள்ளைச் சுற்றிக் கட்டினால் இழைகள் கால்களாக விரிந்து நிற்க வேண்டும். விறைப்பு வேண்டும், நீளம் முள்ளின் அளவுக்கு மிஞ்சக் கூடாது. இந்த வாரம் ஒரு கை பார்த்துவிடுவது என்று மூத்தவர் தூண்டில் கடைக்குப் போனார். அங்கே சகலை முன்பே நின்றிருந்தார்.

"வாங்க சகலை! ரெண்டே கழுத்துதான் மிச்சமாம். மூத்தவர் நீங்க, எடுங்க முதல்ல."

இறகோடு உரித்துக் காயவைத்த இரண்டு கழுத்துத் தோல்கள். ஒன்று பழுப்பு, ஒன்று சாம்பல். மூத்தவர் பழுப்பில் ஓர் இறகை வளைத்தார். இழைகள் சிலிர்த்து நின்றன. உதட்டில் வைத்தார்; குத்தியது. அவருடைய சின்ன முள்ளுக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது. எடுத்திருப்பார். அப்போதுதான் சகலையின் கண் சாம்பலை விட்டு நகராததைக் கவனித்தார்.

விஷயம் தெரிந்தவன். சும்மா பார்ப்பானா?

"இதைக் கொடுங்க" என்று சாம்பலைத் தூக்கினார்.

"சின்ன முள்ளுலதானே கட்டுவீங்க?" என்றார் கடைக்காரர்.

"எனக்குத் தெரியும்."

வீட்டில் முள்ளோடு வைத்துப் பார்த்தார். இழை இரண்டு மடங்கு நீளம். கட்டிய பூச்சி கிண்ணத் தண்ணீரில் பொய்க்கால்காரனைப் போல ஒரு கணம் நின்று, குப்புற விழுந்தது.

மாலையில் சகலை வந்தார். கையில் பாதியாக அறுத்த பழுப்புக் கழுத்து.

"இந்தாங்க, ஆளுக்குப் பாதி. அந்தச் சாம்பலை ஏன் வாங்கினீங்க? இவ்ளோ நீள இழையை யார் தலையில கட்டப் போறாங்களோன்னு பார்த்துட்டே இருந்தேன்!"

இதில் கட்டினால் நிற்கும். மாமனாரும் எடுப்பார். எடுத்துவிட்டு, இறகு யாருடையது என்று ஊரெல்லாம் சொல்வார்.

"வேண்டாம். பெரிய முள்ளுக்குன்னுதான் வாங்கினேன்."

"நம்ம ஆத்துல என்ன, திமிங்கிலமா இருக்கு?" என்றார் உள்ளறையிலிருந்து மாமனார்.

சகலை போனதும் மனைவி வந்தாள். "என் தங்கச்சி புருஷன் மெனக்கெட்டுக் கொண்டுவந்தார். வாங்கிக்கிட்டா என்ன குறைஞ்சுடும்?"

அவர் கத்தரிக்கோலைத் தேடி எடுத்தார். நுனி போன இழை தண்ணீர்மேல் நிற்காது. தெரியும். தெரிந்தே, சாம்பலில் கட்டிய ஒவ்வொரு பூச்சியின் இழையையும் முள்ளளவுக்கு நறுக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை, டப்பாவைத் திறந்து அவரே முதலில் நீட்டினார். மாமனார் ஒன்றை எடுத்து விரலால் தடவினார்.

"யார் மாப்பிள்ளை இதுக்கு முடி வெட்டிவிட்டது?"

கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் சின்னவர் பக்கம் கையை நீட்டினார்.